கிரெப்பில் மைனஸ் எண் தேடினால் அப்படியே நிற்கிறது, அவசரம்

ஆத்தங்குடி_இருப்பு:
டேலி கணக்கு மென்பொருளிலிருந்து எடுத்த டெக்ஸ்ட் கோப்பில், இருப்பு -25 என்று விழுந்த வரிகள் மட்டும் வேணும். கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளையைக் கொடுத்தால் ஒண்ணுமே வராமல் கர்சர் சிமிட்டிக்கிட்டே நிக்குது. மேற்கோள் போட்டும் அதேதான். சாயங்காலத்துக்குள்ள டைல்ஸ் பட்டியல் அனுப்பணும், உதவுங்க.

பள்ளத்தூரான்:
என்ன கட்டளை கொடுத்தீங்க? அப்படியே ஒட்டுங்க. லினக்ஸா, மேக்கா?

கல்லல்_சர்வர்:
கோப்பு எவ்வளவு பெரிசு? நெட்வொர்க் டிரைவில் கிடந்தால் இப்படித்தான் இழுக்கும். உங்க கணினிக்கு நகலெடுத்துட்டுத் தேடுங்க.

ரஸ்தா_ரீஜெக்ஸ்:
எனக்குக் கோட்டு மேலதான் சந்தேகம். வேர்டு வழியா வந்திருந்தால் அது ஹைஃபனாவே இருக்காது. யூனிகோடில் 2212 கழித்தல் குறி, 2013 நீளக் கோடு. கண்ணுக்கு ஒண்ணு, கிரெப்புக்கு வேற.

ஆத்தங்குடி_இருப்பு:
உபுண்டு அண்ணே. கோப்பு 3 எம்பி, இதே கணினியில்தான் இருக்கு. கொடுத்தது:
கிரெப் '-25' இருப்பு.டெக்ஸ்ட்

கானாடுகாத்தான்_ஷெல்:
கையேட்டைத் திறந்து ஒரு பக்கம் பார்த்திருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை. கோடு வேறாக இருந்தால் கிரெப் ஒன்றும் கிடைக்காமல் உடனே முடிந்திருக்கும், காத்து நிற்காது. '-எண்' என்பது குனு கிரெப்பில் (லினக்ஸில் வரும் கிரெப்) ஒரு விருப்பம், அதாவது ஆப்ஷன்: பொருந்திய வரிக்கு முன்னும் பின்னும் அத்தனை வரி காட்டு என்று அர்த்தம். ஆக -25 விருப்பமாகிவிட்டது, 'இருப்பு.டெக்ஸ்ட்' தேடுசொல்லாகிவிட்டது. கோப்பு என்று எதுவும் மிஞ்சாததால் விசைப்பலகையிலிருந்து வரி வரும் என்று காத்திருக்கிறது. கண்ட்ரோல்-சி அடித்து வெளியே வாருங்கள். மேற்கோளை ஷெல்லே (நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) கழற்றிவிடும், கிரெப் அதைப் பார்ப்பதேயில்லை.

கோட்டையூர்_ஆச்சி:
தம்பி, இப்படிக் கொடுங்க:
கிரெப் -டபிள்யூ -இ '-25' இருப்பு.டெக்ஸ்ட்
-இ போட்டால் அடுத்து வருவது எதுவானாலும் தேடுசொல்தான். -டபிள்யூ முழுச்சொல்லா இருந்தால்தான் எடுக்கும்; அது இல்லாவிட்டால் -250உம் வரும், 14-03-25 மாதிரித் தேதியும் வரும். போட்டால், கோட்டுக்கு முன்னால் எழுத்தோ எண்ணோ ஒட்டியிருக்கும் இடத்தை விட்டுடும். ஆனால் -25.50 வரும், ஏன்னா புள்ளியைச் சொல்லின் பகுதியா எடுக்காது. இரண்டையும் சேர்த்து எழுதினால் -டபிள்யூஇ என்று இ கடைசியில் வரணும். மாற்றி எழுதினால் 'டபிள்யூ'வையே தேடும்.

பள்ளத்தூரான்:
இரட்டைக் கோடு போதுமே: கிரெப் -- -25 இருப்பு.டெக்ஸ்ட். அதுக்கு அப்புறம் வருவது எதுவும் விருப்பம் ஆகாது. கோப்பை அழிக்கும் ஆர்எம், நகர்த்தும் எம்வி எல்லாத்துக்கும் ஒரே பழக்கம்.

ரஸ்தா_ரீஜெக்ஸ்:
'[-]25' என்று கொடுத்தால் எதுவுமே தேவையில்லை, கோட்டில் ஆரம்பிக்கலையே.

கோட்டையூர்_ஆச்சி:
அது -எஃப் போட்டு நேர்ச்சொல்லாத் தேடும்போது உதவாது, அடைப்புக்குறியையும் சேர்த்தே தேடும். இரட்டைக் கோட்டுக்கு அப்புறம் வரி எண் காட்டும் -என் போட்டால் அதையும் கோப்புப் பெயர்னு எடுத்துக்கும்.  அதனால -இ தான் நல்லது.

கல்லல்_சர்வர்:
இத்தனை பேரைக் குழப்புது. விருப்பம் மாதிரித் தெரிஞ்சாலும், அடுத்து ஒரே ஒரு கோப்பு இருந்தால் தேடுசொல்னு கருவியே புரிஞ்சுக்கக் கூடாதா?

கானாடுகாத்தான்_ஷெல்:
கூடவே கூடாது. இன்று கோப்பு இருந்தால் ஒரு பொருள், நாளை அழித்துவிட்டால் வேறு பொருள் என்றால் எந்த ஸ்கிரிப்டை நம்புவது?

கல்லல்_சர்வர்:
இப்ப மட்டும் நம்ப முடியுதா? தேடல் பெட்டியில் ஒருத்தர் -ஆர் (உள்ளடைவுகளிலும் தேடும் விருப்பம்) என்று அடித்து, அதை ஸ்கிரிப்ட் அப்படியே கிரெப்புக்குக் கொடுத்தால், கோப்புப் பெயரைத் தேடுசொல்லா வெச்சுக்கிட்டு அந்த அடைவு முழுக்கத் தேடுது. ஒரு எச்சரிக்கையாவது வரணும்.

கோட்டையூர்_ஆச்சி:
அதை ஸ்கிரிப்ட் எழுதுறவர்தான் அடைக்கணும். தேடுசொல்லுக்கு முன்னால் -இ, கோப்புக்கு முன்னால் இரட்டைக் கோடு, ரெண்டும் எப்பவும் இருக்கணும். கோப்புப் பெயரே கோட்டில் ஆரம்பிக்கலாம் இல்லையா?

ஆத்தங்குடி_இருப்பு:
ஆச்சி சொன்னது வேலை செய்யுது, தேதி வரியெல்லாம் போயிடுச்சு. வரிக்கடைசியில் இருப்பது மட்டும் வரட்டும்னு டாலர் குறி போட்டு '-25$' கொடுத்தால் மட்டும் ஒண்ணும் வரலை.

கோட்டையூர்_ஆச்சி:
விண்டோஸில் எடுத்த கோப்பு. வரிக்கடைசியில் கண்ணுக்குத் தெரியாத சிஆர் குறி ஒட்டியிருக்கும். முதல்ல அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் ஓட்டிட்டுத் தேடுங்க தம்பி.