உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவினால் எரிச்சல், காதடைப்பு: எங்கே தப்பு?

பெரம்பூர்வாசி:
சைனஸுக்காக ஈஎன்டி டாக்டர் தினமும் இரண்டு வேளை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொல்லியிருக்கிறார். 240 மில்லி பிடிக்கிற அழுத்து பாட்டில். வீட்டு ஆர்ஓ தண்ணீரில் ஒரு டீஸ்பூன் தூள் உப்பு போட்டு ஊற்றுகிறேன். சுரீரென்று எரிகிறது, முடிந்ததும் வலது காது அடைத்துக்கொள்கிறது. ஆர்ஓ தண்ணீரையும் காய்ச்சித்தான் ஆகணுமா? ஸ்ப்ரேயும் கொடுத்திருக்கிறார். அதைக் கழுவுவதற்கு முன்னால் அடிப்பதா, பின்னாலா?

கடலோரக்காற்று:
முதலில் தண்ணீர். ஆர்ஓ என்றாலும் கட்டாயம் காய்ச்சணும் சார். மெஷினுக்குள்ளே இருக்கிற தொட்டியிலும் குழாயிலும் கிருமி வளர இடமுண்டு. கேன் தண்ணீருக்கும் இதே கதிதான். மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ, சம்ப்பில் இறங்கி மொட்டைமாடி டேங்க் ஏறி வந்த பிறகு அது சுத்தம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. குடித்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். மூக்கில் அந்தக் காவல் கிடையாது. நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 2011-ல் குழாய்த் தண்ணீரால் மூக்கு கழுவிய இருவர் இறந்தார்கள். அரிதிலும் அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கஷ்டம். அடுப்பில் கூடுதலாகச் சில நிமிஷம் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷம் போதும், சென்னை கடல் மட்டத்தில்தானே இருக்கிறது. மனத் திருப்திக்கு மூன்று நிமிஷம் விடுங்கள். அதே பாத்திரத்தில் மூடி வைத்து, வெதுவெதுப்பாகும் வரை ஆற விடுங்கள். சூடு தணிக்கப் பச்சைத் தண்ணீர் கலந்தால் காய்ச்சியதே வீண். மீதியை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் அடியில் சுண்ணாம்பு படியும், அதனால் ஆர்ஓ தண்ணீரைக் காய்ச்சுவதே நல்லது.

உப்புக்கணக்கு:
எரிச்சலுக்குக் காரணம் அளவு. உடம்பின் உப்புச்செறிவு 0.9 சதவீதம், அதாவது லிட்டருக்கு 9 கிராம். உங்கள் 240 மில்லிக்குச் சுமார் 2.2 கிராம்தான் தேவை. தலைதட்டிய 5 மில்லி ஸ்பூன் தூள் உப்பு கிட்டத்தட்ட 6 கிராம் இருக்கும். நீங்கள் இரண்டரை மடங்குக்கு மேல் போடுகிறீர்கள்! அரை ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகப் போடுங்கள். உப்பு ரொம்பக் குறைந்தாலும் எரியும், வெறும் தண்ணீர் மூக்கில் ஏறினால் எரிகிற மாதிரி. வீட்டு ஸ்பூன்கள் ஆளுக்கொரு அளவில் இருப்பதால், 0.1 கிராம் காட்டும் குட்டித் தராசு இருந்தால் சந்தேகமே இல்லை.

ஒரு சிட்டிகை ஆப்ப சோடா சேர்த்தால் உறுத்தல் குறையும். பேக்கிங் பவுடர் வேறு சரக்கு, அதைப் போடக்கூடாது. அயோடின் உப்பு ஆபத்தில்லை, ஆனால் அதிலுள்ள அயோடினும் கட்டிதட்டாமல் இருக்கச் சேர்க்கிற பொருளும் சிலருக்கு உறுத்தும். மெடிக்கல் ஷாப்பில் மூக்கு கழுவவே அளந்து கட்டிய பொடி பாக்கெட் கிடைக்கிறது. பாட்டிலுக்கு ஒன்று, கணக்கு முடிந்தது.

தலைசாய்ப்பு:
காதடைப்பு பெரும்பாலும் மூன்று விஷயத்தால் வரும்: பாட்டிலை வேகமாக அழுத்துவது, நடுவில் எச்சில் விழுங்குவது, கழுவியதும் பலமாகச் சிந்துவது. விழுங்கும்போது மூக்கின் பின்புறத்திலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறந்துகொள்கிறது, தண்ணீர் அங்கே ஏறிவிடுகிறது.

வாஷ்பேசின் மேல் நன்றாகக் குனிந்து தலையை ஒரு பக்கம் சாயுங்கள். வாயைத் திறந்து வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். மேல் துவாரத்தில் பாட்டில் முனையை வைத்து 'கா' என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். அப்படிச் சொல்லும்போது உள்நாக்குப் பக்கம் மேலேறித் தொண்டையை மறைக்கும், தண்ணீர் மறுபக்கம் வழியாக வந்துவிடும். தொண்டைக்குள் இறங்கினால் முகவாயை இன்னும் தாழ்த்துங்கள். பாதி பாட்டில் ஒரு பக்கம், மீதி மறுபக்கம். முடிந்ததும் குனிந்தபடியே தலையை இடமும் வலமும் திருப்பி வடியவிட்டு, இரண்டு துவாரமும் திறந்திருக்க மெல்லச் சிந்துங்கள். ஒன்றைப் பொத்திக்கொண்டு சிந்தவே கூடாது. படுக்கப்போகும் நேரத்தில் கழுவினால் மீதம் தொண்டையில் இறங்கும், ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

மூக்கு முழுசாக அடைத்திருந்தால் முட்டித் தள்ளாதீர்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கழுவவே வேண்டாம்.

பெரம்பூர்வாசி:
ரொம்ப நன்றிங்க. வீட்டில் மூக்கு கழுவுகிற பழைய செம்பு நேத்திச் சொம்பு இருக்கிறது, பாட்டிலுக்குப் பதில் அது ஆகுமா? பாட்டிலை எப்படிச் சுத்தம் செய்வது?

கடலோரக்காற்று:
செம்பு, பித்தளை வேண்டாம், உப்பு அதை அரிக்கும். எவர்சில்வரோ பீங்கானோ சரி. பாட்டிலை ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவி, கடைசி அலசல் காய்ச்சிய தண்ணீரில் செய்து, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காய வையுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், பாத்ரூமில் வைத்தால் காயவே காயாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புது பாட்டில்.

ஸ்ப்ரே கழுவிய பிறகுதான், 10-15 நிமிஷம் கழித்து. முன்னாலேயே அடித்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும். வலது கையால் இடது துவாரத்திலும், இடது கையால் வலது துவாரத்திலும், நடுச்சுவரைப் பார்க்காமல் காதுப்பக்கமாக அடியுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு தலைவலி, கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் கழுவிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.