வெளிநாடு போன வன்னிப் பிள்ளைகளுக்கு: கருக்கலைப்புச் சேவை எந்த ஊரில், யார் செலவில்?

நான் கிளிநொச்சிப் பக்கம் மிட்வைஃபாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். என்னிடம் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகள் பலர் இப்போது கனடா, லண்டன், சுவிஸ் என்று போய்விட்டார்கள். வட்ஸ்அப்பில் எடுத்து வாடகை, குளிர், வேலை எல்லாம் கதைத்து முடித்த பிறகு, சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "அக்கா, நாள் தள்ளிப் போச்சு. இங்க ஆஸ்பத்திரியில சொன்னா பொலிசுக்குப் போகுமோ?"

போகாது. நீங்கள் போயிருக்கும் அந்த மூன்று நாடுகளிலும் சட்டம் சொல்லும் காலத்துக்குள் வைத்தியரிடம் போய்க் கேட்டதற்காக யாரும் உங்களைப் பிடிக்க மாட்டார்கள். எங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் இன்றும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவுதான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே அனுமதி, மற்றபடி மூன்று வருடம் வரை சிறை, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு வருடம் வரை. வன்புணர்வால் உண்டான கருவுக்குக்கூட விலக்கில்லை. காய்ச்சலும் இரத்தப்போக்குமாக வந்த பெண்கள், "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு என் கையை இறுக்கிப் பிடித்திருந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் பயத்தோடு அங்கேயும் இருந்தால் உங்களுக்கு நாட்கள்தான் வீணாகும்.

சரி, பயம் போய்விட்டது என்று வைப்போம். அடுத்த தடுமாற்றம், "இங்கே எல்லாம் இலவசம்தானே" என்று ஆறுதலாக இருந்துவிடுவது. சட்டம் நாட்டுக்குப் பொது. சேவையும் அதற்கான காசும் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். முல்லைத்தீவுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வைத்தியம் நாடு முழுக்க இலவசம்தான், ஆனால் மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் அதற்கான நிபுணர் இல்லையென்றால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறத்தானே வேண்டும்.

கனடாவில் 1988 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புக்கு எதிரான குற்றவியல் சட்டத்தை நீக்கியது. ஆனால் சுகாதாரத்தை நடத்துவது மாகாண அரசுகள். இளவரசர் எட்வேர்ட் தீவில் அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒரு ஆஸ்பத்திரியிலும் இந்தச் சேவை இல்லை. பெண்கள் வேறு மாகாணத்துக்குத்தான் போனார்கள். 2017இல்தான் தீவிலேயே தொடங்கியது. நியூ பிரன்ஸ்விக்கில் சத்திரசிகிச்சை முறைக்கு மொங்டனில் இரண்டு, பாதர்ஸ்டில் ஒன்று என மூன்று ஆஸ்பத்திரிகளில் செய்தால் மட்டுமே மாகாணம் காசு கொடுத்தது. தலைநகரான ஃபிரெடரிக்டனில் இருந்த கிளினிக்குக்குக் கொடுக்கவில்லை. அந்த விதியை 2024 நவம்பரில் புதிய அரசாங்கம் நீக்கியது. விதி நீங்கினாலும் புதிய இடங்கள் திறக்கக் காலம் எடுக்கும். வீட்டு வாடகை குறைவு என்று அந்தப் பக்கம் போகும் எங்கள் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கியூபெக்கில் நிலைமை வேறு, அங்கே சேவை கிடைக்கும் இடங்கள் பல. ஒன்ராறியோவிலும் இடங்கள் பெரும்பாலும் தெற்கில்தான். வடக்கே வேலைக்குப் போனவர்கள் தூரப் பயணத்துக்கான மாகாண உதவித்தொகையைப் பற்றியும் கேளுங்கள்.

குளிசை முறை 2017 முதல் கனடாவில் இருக்கிறது, ஒன்பது கிழமை வரைக்கும். தூர ஊர்களில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. அதற்காகத்தான் நாட்களை எண்ணுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கடைசி மாதவிலக்கின் முதல் நாளில் இருந்து எண்ண வேண்டும். பலர் நாள் தள்ளிய திகதியில் இருந்து எண்ணிவிட்டு, இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்பது கிழமை தாண்டினால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை, அதற்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டி வரலாம்.

காசு விஷயத்தில் உங்கள் விசாவும் முக்கியம். அகதிக் கோரிக்கை வைத்தவர்களுக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் இருக்கிறது. நீங்கள் போகும் கிளினிக் அதில் பதிந்ததா என்று போகமுதல் கேளுங்கள். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு ஒன்ராறியோவில் ஓஹிப் என்ற மாகாணச் சுகாதாரக் காப்புறுதி கிடையாது, கல்லூரிக் காப்புறுதியின் தாளை எடுத்து வாசிக்க வேண்டும். அதே மாணவிக்கு அல்பேர்ட்டாவில், ஒரு வருட அனுமதி இருந்தால், மாகாணச் சுகாதார அட்டையே கிடைக்கலாம்.

பிரித்தானியாவிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் போகாமலே நேரடியாக அழைத்துப் பதியலாம். பெரும்பாலும் பீபாஸ், எம்எஸ்ஐ போன்ற தொண்டு நிறுவனங்கள்தான் செய்யும், காசு என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவை கொடுக்கும். பத்து கிழமை வரை குளிசையை வீட்டிலேயே எடுக்கலாம். ஸ்கொட்லாந்தில் என்எச்எஸ்ஸே செய்கிறது, ஆனால் இருபது கிழமையை ஒட்டியவர்களை இங்கிலாந்துக்கு அனுப்பும் வழக்கம் இருந்து வந்திருக்கிறது. வட அயர்லாந்தில் 2019வரை இது குற்றம். சட்டம் மாறியபிறகும் சேவை மெதுவாகத்தான் வந்தது.

சுவிஸில் 2002 முதல் பன்னிரண்டு கிழமை வரை பெண்ணின் முடிவு, அடிப்படைக் காப்புறுதி காசு கட்டும். ஆனால் ஃப்ரான்சீஸ், அதாவது காப்புறுதி கட்டத் தொடங்கமுதல் வருடத்துக்கு நீங்களே கட்டும் தொகை, 2500 பிராங் என்று எடுத்திருந்தால், பெரும் பங்கு உங்கள் கையில் இருந்து போகலாம், காப்புறுதியிடம் முதலே கேளுங்கள். ஜெர்மனியில் ஆலோசனைச் சான்றிதழ் எடுத்து மூன்று நாள் பொறுக்க வேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநிலம் காசு கொடுக்கும். விண்ணப்பத்தைச் சிகிச்சைக்கு முதலே கொடுங்கள், பிறகு கொடுத்தால் எடுக்க மாட்டார்கள்.

மொழிபெயர்ப்புக்கு மாமியையோ மச்சாளையோ கூட்டிப் போக வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், தொலைபேசியில் கிடைத்தால் இன்னும் நல்லது. குரல் தெரிந்த ஊர்க்காரராக இருந்தால் வேறு ஆள் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. கணவரின் கையெழுத்தும் தேவையில்லை. கனடாவில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. கருவைக் கலைக்கச் சொல்லி வற்புறுத்தவும் யாருக்கும் உரிமையில்லை. அப்படி நெருக்குதல் இருந்தால் தாதியிடம் தனியாகச் சொல்லுங்கள். "இலவச ஸ்கான், இலவச ஆலோசனை" என்று விளம்பரம் போடும் சில இடங்கள் உங்களை மறிப்பதற்கென்றே இருப்பவை. கருக்கலைப்பு இங்கேயே செய்வீர்களா என்று முதலில் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஊரில் இருந்து குளிசை வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். பார்சலில் வருவது என்ன மருந்து என்று உங்களுக்கும் தெரியாது, அனுப்பும் அக்காவுக்கும் தெரியாது, இங்கே சட்டம் அவள் மேல்தான் பாயும். முறையாகக் கிடைத்த குளிசையை எடுத்த பிறகும், ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பாட் நனைகிற மாதிரி இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து போனாலோ, காய்ச்சல் 38 பாகைக்கு மேல் நின்றாலோ, அடிவயிற்றில் ஒரு பக்கம் தாங்க முடியாமல் வலித்தாலோ, விடியும்வரை பொறுக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன குளிசை, எப்போது எடுத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.