880-க்குப் பெயர் மாறிய காலை

மேலத்தெரு வீட்டார் (வாட்ஸ்அப் குழு)
26 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலை 6:31
பெரியப்பா: வீட்டு வாசலில் காரில் உட்கார்ந்திருக்கிறேன். வானொலியை 880 அலைவரிசையில் வைத்தேன். போக்குவரத்துச் செய்தி வரவில்லை. யாரோ இருவர் ஜெட்ஸ் அணியைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

நான்: பெரியப்பா, 12-ஆம் தேதியே அறிவித்துவிட்டார்களே. நேற்று நள்ளிரவோடு டபிள்யூசிபிஎஸ் செய்தி நிலையம் முடிந்தது. இனி அது டபிள்யூஎச்எஸ்க்யூ. முழுநேர விளையாட்டு, இஎஸ்பிஎன்.

பெரியப்பா: தெரியும். தெரிந்தேதான் வைத்துப் பார்த்தேன். போய்விட்டவரின் எண்ணுக்கு ஒருமுறை அடித்துப் பார்ப்பதில்லையா?

மல்லிகா அத்தை: அண்ணா, என்ன பேச்சு இது! யார் போனது?

சுதா அக்கா: யாரும் போகவில்லை அத்தை. நியூயார்க்கில் அப்பாவின் செய்தி வானொலி. 30 வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். (இங்கே சிகாகோவில் மணி ஆறுகூட ஆகவில்லை. கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.)

பெரியப்பா: மல்லிகா, 1994-இல் இங்கே வந்து இறங்கியபோது எனக்கு இந்த ஊர் ஆங்கிலம் பிடிபடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, 8, 18, 28 என்று எட்டில் முடியும் நிமிடங்களில், சாலை நிலவரமும் வானிலையும் சொல்வார்கள். ஊர்ப் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று அதில்தான் கற்றேன். 2003 ஆகஸ்டில் ஊரெல்லாம் மின்சாரம் போன இரவில் இந்தத் தெருவே என் காரைச் சுற்றி நின்று 880 கேட்டது.

மல்லிகா அத்தை: யாருக்கு விற்றுவிட்டார்களாம்?

நான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

நான்: ‘விற்றுவிட்டார்கள்’ என்று எழுதிவிட்டேன், தவறு. உரிமம் இன்னும் ஆடசி நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. ஒலிபரப்பு நேரத்தை மட்டும் குட் கர்மா என்ற நிறுவனத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: பட்டா ஒருவர் பேரில், சாகுபடி வேறு ஆள். குத்தகை, அவ்வளவுதான்.

மல்லிகா அத்தை: குட் கர்மாவா? நல்வினை என்று பெயர் வைத்துக்கொண்டா இந்தக் காரியம்?

நான்: 😂 அவர்களும் வீடு மாறி வந்தவர்கள்தான் அத்தை. இப்போது அவர்கள் நடத்தும் இஎஸ்பிஎன் நிலையம் 2012 முதல் 98.7 எஃப்எம்மில் குத்தகைக்கு இருந்தது. இந்த மாதத்தோடு அந்தக் குத்தகை முடிகிறது. ஆடசியும் சென்ற ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போன நிறுவனம். 1010 வின்ஸ் என்ற இன்னொரு செய்தி நிலையமும் அவர்களுடையதே. ஒரே முதலாளியிடம் ஒரே ஊரில் இரண்டு செய்தி நிலையம்.

மல்லிகா அத்தை: ஆள் மாறட்டும். பெயரை ஏன் மாற்ற வேண்டும்? அதென்ன எழுத்தெழுத்தாக ஒரு பெயர்?

சுதா அக்கா: அது அரசு பதிவுசெய்து கொடுக்கும் அழைப்பெழுத்து அத்தை. மணிக்கு ஒருமுறை அந்த எழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும், சட்டம். மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே என்றால் முதல் எழுத்து பெரும்பாலும் டபிள்யூ, மேற்கே கே. மற்றதை நிலையத்தாரே கேட்டு வாங்கலாம். இங்கே டபிள்யூஜிஎன் என்றால் ‘உலகின் மிகச் சிறந்த செய்தித்தாள்’, சிகாகோ டிரிப்யூன் பத்திரிகை நடத்தியது. டபிள்யூஎல்எஸ் என்றால் ‘உலகின் மிகப் பெரிய கடை’, சியர்ஸ் கடைக்காரர்கள் தொடங்கியது.

மல்லிகா அத்தை: நம் ஊர் முறுக்குக் கடையில் ‘உலகப் புகழ்’ என்று பலகை மாட்டுவதுபோலச் சொல்.

சுதா அக்கா: அதேதான். 880-இன் புதிய எழுத்துகள் ஹட்சன் ஸ்கொயரைக் குறிக்கின்றன, நியூயார்க்கில் ஆடசியின் ஒலிபரப்புக் கூடம் இருக்கும் பகுதி. தெருப் பெயரை வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா: இந்த 880-க்கு இது முதல் பெயர் மாற்றமும் இல்லை. 1924-இல் குவீன்ஸ், ரிச்மண்ட் ஹில்லில் வானொலிப் பெட்டி செய்துவந்த ஆல்ஃபிரட் கிரீப் தொடங்கினார். தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து டபிள்யூஏஎச்ஜி. 1926-இல் அது டபிள்யூஏபிசி ஆனது, அட்லாண்டிக் பிராட்காஸ்டிங் கம்பெனி என்று பொருள். 1928 கடைசியில் சிபிஎஸ் ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. 1946 வரை அதே ஏபிசி எழுத்தோடுதான் நடத்தினார்கள்.

நான்: சிபிஎஸ் நிலையத்துக்கு, பிறகு போட்டி நிறுவனமான ஏபிசியின் பெயரா!

பெரியப்பா: ஆமாம். 1946 நவம்பரில்தான் டபிள்யூசிபிஎஸ். கழற்றிப் போட்ட டபிள்யூஏபிசியை 1953-இல் 770 அலைவரிசையில் இருந்த ஏபிசிக்காரர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய பழைய டபிள்யூஜேஇசட் பிறகு பால்டிமோர் தொலைக்காட்சிக்குப் போனது. அண்ணன் சட்டை தம்பிக்கு, தம்பி சட்டை பக்கத்து வீட்டுப் பையனுக்கு.

பெரியப்பா: பெயருக்காக நான் வருந்தவில்லை. உள்ளே இருந்தவர்களுக்காகத்தான். 1967 ஆகஸ்ட் 28-இல் முழுநேரச் செய்தி தொடங்கினார்கள். அதற்கு முந்தைய நாள்தான் ஒரு சிறு விமானம் அலைபரப்புக் கோபுரத்தில் மோதி அதைச் சாய்த்துவிட்டது. ஒத்திப்போடவில்லை, எஃப்எம்மில் தொடங்கிவிட்டார்கள். கோபுரமே விழுந்தும் நின்ற நிலையம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் 57 ஆண்டு நிறைந்திருக்கும். கிளம்புகிறேன்.

காலை 6:58
மல்லிகா அத்தை: சுதா, உன் அப்பா எங்கள் திருச்சி நிலையத்தைப் பற்றி இவ்வளவு பேசியதில்லை. அது 1939-இல் தொடங்கியது. சென்ற ஆண்டு ‘ஆல் இந்தியா ரேடியோ’ வேண்டாம், ‘ஆகாஷ்வாணி’ என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு வந்து, இங்கே எவ்வளவு எதிர்ப்பு! எனக்கு எப்போதும் வானொலி நிலையம்தான்.

சுதா அக்கா: அங்கே பெயர் மாறினாலும் குரல் அப்படியே இருக்கிறது அத்தை. இங்கே பெயரோடு குரலும் போய்விட்டது. மெட்ஸ் பேஸ்பால் வர்ணனை மட்டும் 880-இல் தங்கிவிட்டது.

நான்: டபிள்யூசிபிஎஸ் என்ற பெயரும் முழுதாகப் போகவில்லை. 101.1 எஃப்எம்மில் இருக்கிறது, பழைய பாட்டு போடுகிறார்கள்.

மல்லிகா அத்தை: செய்தி போனாலும் பாட்டாவது மிச்சமா, சரி.

காலை 7:44
பெரியப்பா: ஹாலண்ட் சுரங்கத்துக்கு முன்னால் நிற்கிறேன். முன்னால் ஒரு லாரி பழுது. எட்டாவது நிமிடத்தில் யாராவது சொல்லியிருந்தால் லிங்கன் சுரங்கம் வழியாகப் போயிருப்பேன்.

நான்: 1010 வையுங்கள் பெரியப்பா. அங்கே ஒன்றில் முடியும் நிமிடங்களில் சொல்வார்கள். 7:51-க்கு வரும்.

பெரியப்பா: மூன்று நிமிடம் தாமதம்.

சுதா அக்கா: அப்பா, ஓட்டிக்கொண்டே எழுதாதீர்கள்!

பெரியப்பா: ஓட்டினால்தானே அம்மா.