மறு: பந்தய அணிகளின் ‘கன்செஷன்’: சலுகையா, கைத்தாங்கலா?

கீழக்கரைத் தம்பி எழுதியது:
> மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம்) காணொளிகளுக்குத் தமிழில் துணையுரை போடுகிறோம். ‘கன்செஷன்’ வரும் இடத்தில் ‘சலுகை’ என்று போட்டால், “டிக்கெட் விலையைக் குறைத்துவிட்டார்களா?” என்று கேட்கிறார்கள். வேறு நல்ல சொல் உண்டா?

தம்பிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

சலுகை தப்பான சொல் இல்லை. ஆனால் கட்டணச் சலுகை, வட்டிச் சலுகை என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாகத்தான் படும். பந்தயத்தில் நடப்பது வேறு. பின்தங்கிய அணி தேறட்டும் என்று கொடுக்கிறார்கள், தேறியதும் எடுத்துவிடுகிறார்கள். இந்த எடுப்பதும் சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

அதனால் நான் முன்வைப்பது ‘கைத்தாங்கல்’. காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைக் கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிவருவோம், கால் ஊன்றிவிட்டால் கையை விட்டுவிடுவோம். மறுபடி தள்ளாடினால் மறுபடி பிடிப்போம்.

இப்போதைய விதி இதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 2024 முதல் மோட்டோஜிபியில் தயாரிப்பாளர்களை ஏ முதல் டி வரை நான்கு படிகளில் வைக்கிறார்கள். கிடைக்கக்கூடிய புள்ளிகளில் 85 விழுக்காடோ அதற்கு மேலோ எடுத்தவர் ஏ, 35-க்குக் கீழே நிற்பவர் டி. ஏ படிக்குச் சோதனை ஓட்டத்துக்கு 170 டயர், டி படிக்கு 260. வைல்டு கார்டு, அதாவது வழக்கமான வீரர்களைத் தவிர ஒரு பந்தயத்துக்கு மட்டும் கூடுதல் வீரரை இறக்கும் அனுமதி, ஏ படிக்குக் கிடையாது, டி படிக்கு ஆறு. டி படியில் பந்தய வீரரையே தனிச்சோதனைக்கு இறக்கலாம், பருவத்தின் நடுவில் எஞ்சினையும் மாற்றலாம். மற்ற மூன்று படிகளுக்கும் எஞ்சின் உறைந்துவிடும், கை வைக்க முடியாது. பணமாக யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுப்பதெல்லாம் ஓட்டிப் பார்க்கவும் திருத்திக்கொள்ளவும் வாய்ப்புதான்.

படிகள் வருவதற்கு முந்தைய கதைதான் இன்னும் ருசியானது. 2011-உடன் வெளியேறிய சுஸுகி 2015-இல் திரும்பி வந்தது. 2016-இல் சில்வர்ஸ்டோனில் வென்றது. தேறிவிட்டது என்று 2017-க்குக் கைத்தாங்கலை எடுத்துவிட்டார்கள். அந்த வருடத்துக்கென்று அவர்கள் தேர்ந்தெடுத்த எஞ்சின் சரியாக அமையவில்லை. உறைந்த எஞ்சின், மாற்ற வழியில்லை, வருடம் முழுக்க அதையே கட்டிக்கொண்டு அழுதார்கள். முதல் மூன்று இடத்துக்கான மேடை ஏறவே இல்லை. 2018-இல் கைத்தாங்கல் திரும்பக் கிடைத்தது, வரிசையாக மேடை ஏறினார்கள், அடுத்த வருடம் மறுபடி போயிற்று. 2020-இல் சுஸுகி வீரர் ஜோன் மிர் உலகப் பட்டமே வென்றார். ‘சலுகை ரத்து’ என்று இதை எழுதினால் ஏதோ தண்டனை போலத் தொனிக்கும். ‘கைத்தாங்கல் நீங்கியது’ என்றால் தேறிவிட்டார்கள் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

2017-இல் நுழைந்த கேடிஎம் இன்னும் தெளிவு. மற்றவர்கள் அலுமினியத்தில் நிற்க, இவர்கள் எஃகுச் சட்டத்தை விடவில்லை. ஓய்வுபெற்ற டானி பெட்ரோசாவைச் சோதனை வீரராகச் சேர்த்து ஓட்டி ஓட்டித் திருத்தினார்கள். 2020-இல் பிர்னோவில் அவர்களின் வீரர் பிராட் பைண்டர் வென்றார், அது அவருக்கு இந்த வகுப்பில் மூன்றாவது பந்தயம்தான். அந்த வருடத்தோடு கைத்தாங்கல் முடிந்தது.

தொண்டி அண்ணன் எழுதியது:
> நம் பிள்ளைகள் விளையாட்டிலேயே சொல் இருக்கிறதே, ஒப்புக்குச் சப்பாணி!

அண்ணே, சிரித்துவிட்டேன். ஆனால் அது நேர் எதிர்ப் பொருள். ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்க மாட்டான். தவிர, உடற்குறையைச் சொல்லும் சொல்லை அகராதியில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. அந்த நிலைமைக்கு உதாரணம் வேண்டுமானால் 2010-இல் ஃபார்முலா ஒன்னில் நுழைந்த மூன்று புது அணிகளைச் சொல்லலாம். செலவுக்கு உச்சவரம்பு வரும் என்ற பேச்சை நம்பி வந்தார்கள், அது வரவில்லை. பருவத்தின் நடுவில் சோதனை ஓட்டத்துக்கு அதற்கு முந்தைய வருடமே தடை. எங்கே போய்த் தேறுவது? நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்ஆர்டி, 2011-இலும் 2012-இலும் ஆஸ்திரேலியாவில் 107 விழுக்காடு விதியை (தகுதிச் சுற்றின் முதல் பகுதியில் மிக வேகமானவரின் நேரத்தில் 107 விழுக்காட்டுக்குள் சுற்றை முடிக்க வேண்டும்) தாண்ட முடியாமல் பந்தயத்தில் நிற்கவே இல்லை. மூன்றில் ஒன்று முதல் புள்ளி எடுக்க 2014 மொனாக்கோ வரை ஆயிற்று.

2016-இல் வந்த ஹாஸ் முதல் பந்தயத்திலேயே ஆறாம் இடம் பிடித்தது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபெராரியிடம் வாங்கியவை, சட்டகத்துக்கு டல்லாரா என்ற நிறுவனம். அது கைத்தாங்கல் ஆகாது, விதி அனுமதித்த கொள்முதல். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

திருவாடானை அக்கா எழுதியது:
> மாட்டுவண்டிப் பந்தயத்தில் பூஞ்சிட்டு என்று தனிப்பிரிவு உண்டே. அதிலிருந்து எடுக்கக் கூடாதா?

அக்கா, பூஞ்சிட்டு அருமையான சொல், சாயல்குடிப் பக்கம் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் பூஞ்சிட்டு என்ற சின்ன மாடு பெரிய மாட்டோடு ஓடுவதில்லை. நாம் பேசுவது ஒரே கோட்டில் நிற்கிற அணிகளை. 2012-இல் மோட்டோஜிபியில் சிஆர்டி என்று ஓர் உட்பிரிவு வைத்திருந்தார்கள், ஒரே பந்தயத்துக்குள் மலிவான வண்டிகளுக்கு. அதற்கு வேண்டுமானால் பூஞ்சிட்டைக் கொடுக்கலாம். வீணாகப் போக விடாதீர்கள்.

கைத்தாங்கல் என்றால் மனத்தாங்கல் நினைவுக்கு வருகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வரட்டும். ஹோண்டாவும் யமஹாவும் 2024-இல் டி படியில் உட்கார்ந்தபோது எத்தனையோ ரசிகர்களுக்கு அது இருந்தது. ஜப்பானின் பெரிய கைகள் இரண்டுக்கும் கைத்தாங்கலா என்று! ஹோண்டா 2025 முடிவில் சி படிக்கு ஏறிவிட்டது.

தம்பி, துணையுரையில் ‘கைத்தாங்கல்’ என்றே போடுங்கள். முதல் தடவை வரும்போது மட்டும் ‘பின்தங்கிய அணிக்குத் தேறும்வரை தரும் கூடுதல் வாய்ப்பு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அப்புறம், வைல்டு கார்டுக்கு இங்கேயே சொல் கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி மடல் போடுங்கள், இதில் கலந்தால் பிறகு தேட முடியாது.