கண்காம்பு நீக்கிய தாய் இறால்கள் சினை பிடிக்காமல் சட்டை உரிக்கின்றன: உதவி தேவை

கேள்வி

வணக்கம். வனாமி என்னும் வளர்ப்பு இறால் வகையின் தாய் இறால்களைச் சினைப்படுத்தும் பிரிவைக் கவனித்து வருகிறேன். பன்னிரண்டு நாட்களுக்கு முன் 40 பெண் இறால்களுக்கு ஒரு பக்கக் கண்காம்பை (கண்ணைத் தாங்கும் காம்பு) சூடேற்றிய இடுக்கியால் நீக்கி, மற்றக் கண்ணில் எண் வளையம் மாட்டித் தொட்டியில் விட்டேன். எடை 38 முதல் 45 கிராம். நீரின் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ், உப்புத்தன்மை 32 பிபிடி (ஆயிரத்தில் 32 பங்கு). முதல் இரண்டு நாளில் 4 இறந்தன. ஆறாம் நாளுக்குள் 13 சட்டை உரித்தன, அதாவது பழைய ஓட்டைக் கழற்றின. 9 மட்டும் முட்டையிட்டன. மீதி 14 இறால்களில் சூலக வளர்ச்சியைக் காட்டும் முதுகுப்புறச் சினைக்கோடு மூன்றாம் நிலை வரை தடித்து, பிறகு இரண்டு மூன்று நாளில் மங்கி மறைந்துவிடுகிறது. கண்காம்பிலிருந்து வந்து சினையைத் தடுக்கும் ஹார்மோனின் தடை இன்னும் முழுதாக விலகவில்லையோ என்று ஐயப்படுகிறேன். மறு கண்காம்பையும் நீக்கலாமா, அல்லது சினையைத் தூண்ட செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை ஊசியாகப் போடலாமா?

மறுமொழி 1

மறு கண்காம்பில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். இரண்டையும் இழந்த இறால் நிலைதடுமாறி நீந்தும், இரையைச் சரிவரப் பிடிக்காது, சாவு மிகும்.

கண்காம்பினுள் உள்ள எக்ஸ் உறுப்பும் சைனஸ் சுரப்பியும் சினை வளர்ச்சியைத் தடுக்கும் ஹார்மோனை மட்டும் சுரப்பதில்லை. சட்டை உரித்தலைத் தடுக்கும் ஹார்மோனும், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனும் அங்கிருந்தே வருகின்றன. பலேமன் வகை இறாலின் கண்காம்பை நீக்கினால் சூலகம் வளர்கிறது என்று பனூஸ் என்ற ஆய்வாளர் 1943இல் காட்டிய நாள் முதல் நாம் அனைவரும் சினையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூடவே விலகும் இன்னொரு தடையை மறந்துவிடுகிறோம். அந்தத் தடை விலகியதும் ஒய் உறுப்பு என்னும் சுரப்பி, உரிப்பைத் தூண்டும் எக்டைசோன் வகை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. உரிப்புக்கு ஏற்கெனவே ஆயத்தமாகிவிட்ட இறாலாக இருந்தால், அது சினைப் பக்கம் திரும்பாமல் உரிப்பையே விரைவுபடுத்தும். உங்கள் 13 இறால்களுக்கும் இதுவே நடந்திருக்க வேண்டும். முதலில் இறந்த நான்கும் அப்போதுதான் சட்டை உரித்து ஓடு கெட்டிப்படாதவையாக இருந்திருக்கலாம். அந்த நிலையில் வெட்டினால் குருதி இழப்பையும் அதிர்ச்சியையும் அவை தாங்குவதில்லை.

உரிப்புப் பருவம் பார்த்தீர்களா?

கேட்டவர்

இல்லை. 40 இறால்களையும் ஒரே காலையில் முடித்துவிட்டேன். இறந்தவற்றுள் ஒன்றின் ஓடு விரலால் அழுத்தும்போது நெளிந்தது நினைவிருக்கிறது. பருவத்தை எப்படிப் பார்ப்பது?

மறுமொழி 1

வால் துடுப்பின் ஓரத்தை நுண்ணோக்கியின் கீழ் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் போதும். இறாலை ஈரத்துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். மயிர்முட்களின் அடிவரை திசு ஓட்டோடு ஒட்டியிருந்தால் அது இரண்டு உரிப்புகளுக்கு இடைப்பட்ட பருவம். அதுவே கண்காம்பு நீக்க ஏற்ற நேரம். திசு ஓட்டிலிருந்து பின்வாங்கி, நடுவே தெளிந்த இடைவெளி தெரிந்தால் உரிப்பு நெருங்குகிறது. அந்த இறாலை ஒதுக்கி வைத்து, உரித்து ஓடு நன்கு கெட்டிப்பட்ட பின்பே எடுங்கள். புலி இறால் வளர்ப்போருக்கு இது இன்னும் முக்கியம்: அதன் பெண் உரித்தவுடன் இணைந்து விந்துப்பொதியை உள்ளே சேமித்து வைப்பதால், அடுத்த உரிப்பில் அதையும் இழந்துவிடும். வனாமி முட்டையிடுவதற்குச் சில மணி நேரம் முன்பு இணைவதால் அந்த இழப்பு இல்லை.

மறுமொழி 2

சினை மங்கும் 14 இறால்களைப் பற்றி நான் சொல்கிறேன். மூன்றாம் நிலை வரை வந்துவிட்டது என்றால் தடை விலகிவிட்டது என்றே பொருள். சூலகமும், செரிமான உறுப்பான கல்லீரல்-கணையமும் முட்டைக்கரு புரதத்தை உருவாக்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அதற்கு வேண்டிய கொழுப்பு உடலில் தீர்ந்துவிட்டது. அப்போது இறால் தன் சினையையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். என்ன தீனி கொடுக்கிறீர்கள்?

கேட்டவர்

உறைந்த கணவாயும் குருணைத் தீனியும் மட்டுமே. கடற்புழுவால் நோய் வரும் என்று அஞ்சி இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன்.

மறுமொழி 2

அச்சம் நியாயமானது, இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ் புழு வழியாக வரக்கூடும், உறைய வைப்பதால் மட்டும் அது அழிந்துவிடாது. ஆனாலும் நீங்கள் நிறுத்திய பாலிகீட் வகைக் கடற்புழுவின் இடத்தைக் கணவாய் தனியே நிரப்பாது. சினை முதிர்வுக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலம் புழுவில் மிகுதி; இறாலின் உடல் அதைக்கொண்டே சினை முதிர்வுக்கு உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் ஹார்மோன் போன்ற பொருளை உண்டாக்குகிறது. வளர்ப்பில் பெற்ற, பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும்) சோதனையில் தேறிய புழுவாகத் தேடுங்கள். கண்காம்பு நீக்குவதற்கு இரண்டு வாரம் முன்பே கொடுக்கத் தொடங்க வேண்டும்; நீக்கிய பின் தொடங்குவது, அடுப்பில் உலை கொதிக்கும்போது அரிசி வாங்கப் போவது போல் ஆகிவிடும்.

செரட்டோனின் ஊசியால் வனாமியில் சினை முதிர்ந்ததைச் சோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் கண்காம்பு நீக்கம் அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. தீனி குறைந்த இறாலுக்கு அதுவும் உதவாது. நல்ல தீனியும் போதிய எண்ணிக்கையும் இருந்தால் கண்காம்பை நீக்காமலே வனாமியைச் சினைப்படுத்த முடியும். ஒவ்வோர் இறாலும் முட்டையிடும் தடவை குறையும் என்பதால் பெண்களைக் கூடுதலாக வைத்திருக்க வேண்டும். விலங்குக்கு ஊறு இல்லாத அந்த வழியையே நான் விரும்புகிறேன். ஒரு சிறு தொட்டியில் முயன்று பாருங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

இருவருக்கும் நன்றி. இம்முறை 30 இறால்களின் வால் துடுப்பைப் பார்த்ததில் 11இல் அந்த இடைவெளி தெரிந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். புழு ஊட்டிய 19 இறால்களில் ஒன்று இறந்தது, 2 உரித்தன, எட்டாம் நாளுக்குள் 12 முட்டையிட்டன. பழைய தொட்டியில் சினை மங்கி வந்த 14ஆம் வளைய இறால் நேற்று மாலை டார்ச் ஒளியில் தலை ஓட்டின் கீழ் அடர்ந்த ஆரஞ்சு நிறமாகத் தெரிந்தது, இரவில் முட்டையிட்டது. கண்காம்பு நீக்காத 10 இறால்களைத் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன்; அவற்றுள் இரண்டில் இரண்டாம் நிலைக் கோடு தொடங்கியிருக்கிறது.