ஷக்ரீன்: 'பரல்தோல்' பொருந்துமா?

பெட்டி, உறை, வாள்பிடி போன்றவற்றுக்குப் போர்த்தும் ஒருவகைத் தோல் ஷக்ரீன் (shagreen). அகராதிக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'சொரசொரப்புத் தோல்' என்றே போட்டுவிடலாமே. எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும்தான். ஆனால் அரைத்து மெருகேற்றிய ஷக்ரீன் கைக்கு வழவழப்பாகவே இருக்கும்; அப்போதும் அது ஷக்ரீன்தான். நெருக்கமாக எழும்பி நிற்கும் உருண்டைப் புள்ளிகளே அதன் அடையாளம். சொல்லும் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

துருக்கி மொழியில் 'சாக்ரி' என்றால் குதிரையின் பிட்டம். அங்கிருந்து எடுத்த தோலுக்கே அந்தப் பெயர் நின்று, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. குதிரை, கழுதைத் தோலைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, மயிரையும் சதையையும் வழித்து, சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஈரம் காயுமுன் மயிர்ப்புறத்தில் சக்கரவர்த்திக் கீரையின் கெட்டியான விதைகளைத் தூவி, மேலே கம்பளம் போர்த்தி மிதிப்பார்கள். நன்றாகக் காய்ந்தபின் விதைகளை உதறினால் தோல் முழுக்கக் குழி. இனிதான் நுட்பம்: குழிகளுக்கு இடையே மேடாக இருப்பதைக் கத்தியால் சீவி, மறுபடி ஊறவைக்க வேண்டும். விதை அழுத்திய இடத்து நார்கள் நீர் குடித்து உப்பும். குழி இருந்த இடமெல்லாம் மணியாகும். சீவியது போதாவிட்டால் எல்லாம் சமமாக உப்பித் தோல் பழையபடி தட்டையாகிவிடும். முன்கூட்டியே பதனிட்ட தோலும் உதவாது, நார்கள் கட்டுண்டுவிடும். பச்சை நிறத்துக்குச் சதைப்புறத்தில் நவச்சார நீர் ஊற்றி, செம்பு அரப்பொடி தூவி, சுருட்டி, பாரம் ஏற்றி ஒரு நாள் வைப்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு பரல்தோல். பரல் என்றால் பருக்கைக்கல். சிலம்பினுள் இடுவதும் பரல்தான்.

---

> 'மணித்தோல்' இன்னும் எளிதல்லவா?

எளிது, ஆனால் சிக்கல் வரும். தோல் தொழிலில் 'கிரெயின்' என்பது மயிர்ப்புற மேலடுக்கு. அது எல்லாத் தோலுக்கும் உண்டு. அதற்கு ஏற்கெனவே 'மணி' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் குழம்பும். பரல்தோலுக்கு என் ஆதரவு. புணர்ச்சிப்படி 'பரற்றோல்' என்று வரவேண்டும். அப்படி எழுதினால் சொல்லைப் பிரித்துப் படிக்கவே நேரமாகும். அகராதியில் 'பரல்தோல்' என்றே இருக்கட்டும்.

எனக்குள்ள தயக்கம், ஷக்ரீன் என்றே வழங்கும் மீன்தோல் பற்றியது. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கலூஷா என்ற கைவினைஞர் பெட்டிகளுக்கும் உறைகளுக்கும் போர்த்தியது திருக்கை, சுறாத் தோல். பிரெஞ்சில் அதற்கு இன்றும் அவர் பெயர்தான். ஜப்பானில் வாள்பிடிக்குச் சுற்றுவதும் திருக்கைத் தோலே. அந்தப் பரல்கள் மேலே கட்டும் நாடாவை நழுவவிடாது. இதில் யாரும் விதை அழுத்துவதில்லை. பரல் ஒவ்வொன்றும் பல்லைப் போன்ற கட்டமைப்புள்ள செதில். அதனால்தான் வெட்டும்போது கத்தி முனை மழுங்குகிறது. சதைப்புறத்திலிருந்து வெட்டுவது நல்லது. சாயம் இடையிலுள்ள தோலில்தான் பிடிக்கும், செதிலில் ஏறாது. பச்சைப் பரப்பில் வெள்ளை வட்டங்கள் தெரிவதற்குக் காரணம் அதுவே.

---

பரல் விதையால் வந்தாலும் செதிலாக இருந்தாலும் கண்ணுக்குப் பரல்தானே. பொதுச்சொல் ஒன்று, முன்னொட்டு இரண்டு போதும்: குதிரைப் பரல்தோல், திருக்கைப் பரல்தோல். புத்தகக் கட்டுமானத்தில் இதே பெயரில் வரும் ஆட்டுத்தோலுக்கு 'ஆட்டுப் பரல்தோல்'.

மருத்துவத்தையும் இப்போதே முடித்துவிடுவோம். டியூபரஸ் ஸ்க்லரோசிஸ் என்ற மரபணு நோயில் பெரும்பாலும் கீழ்முதுகில் தடித்துக் காணும் 'ஷக்ரீன் பேட்ச்', 'பரல்தோல் திட்டு' ஆகலாம். பூச்சியியலில் ஷக்ரீன் போன்ற மேலோட்டை வருணிக்கும் பெயரடைக்குப் 'பரலார்ந்த' என்று வைக்கிறேன். 'பரல்தோலன்ன' என்பது நீளம். வேறு கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.