கணக்கு வேலையை விட்டுவிட்டுத் தொண்டு நிறுவனத்துக்குப் போகலாமா?

கொளத்தூர்க் கணக்கன்:

வணக்கம். எனக்கு வயது 32. பி.காம். முடித்துவிட்டு, கிண்டியில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு 36,000 ரூபாய் வருகிறது. மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். பெண்ணுக்கு நான்கு வயது. வாடகை வீடு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவிலும் முழங்காலளவு தண்ணீர். வடிந்ததும் நண்பர்களோடு பள்ளிக்கரணைப் பக்கம் பால் பாக்கெட்டும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போனேன். மொத்தம் மூன்றே நாள். திரும்பி வந்து டீசல் பில்களை அடுக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இன்றுவரை சரியாக ஓடவில்லை என்பதுதான் சிக்கல்.

தொண்டு நிறுவன வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்தே ஆகவேண்டுமா? இந்த வயதில் யாராவது சேர்த்துக்கொள்வார்களா? சம்பளம் எவ்வளவு இருக்கும்? மாமனாரிடம் சொன்னேன். "சேவை செய்கிறவன் சம்பளம் வாங்குவானா?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வேளச்சேரிவாசி:

வெள்ளத்தில் மூன்று நாள் பால் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் இந்தக் காய்ச்சல் வரும். எனக்கும் 2015இல் வந்து, பொங்கலுக்குள் போய்விட்டது. வேலையை விடாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் இரவு முழுக்க நடந்து ஆமை முட்டைகளைப் பொறுக்கிப் பாதுகாக்கும் மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் இருக்கிறது. யாரும் சம்பளம் வாங்குவதில்லை. சேவை மனம் இருந்தால் அப்படி ஏதாவது செய்யுங்கள். வீட்டு வாடகையை இதில் இழுக்காதீர்கள்.

பேசின் பாலம்:

தம்பி, முதலில் மாமனாருக்கான பதில். அவருடைய மகள் நோயாளிக்கு ஊசி போடுவதும் சேவைதான். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிறாள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்.

நான் 2005 ஜனவரியில், சுனாமி வந்த அடுத்த மாதம், நாகப்பட்டினத்துக்கு ஒரு குழுவோடு போனவள். அப்போது வயது 23. படகு இழந்தவர்கள் பட்டியலைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்றார்கள். பத்து நாள் என்று போய் ஒன்றரை ஆண்டு இருந்தேன். முதல் சம்பளம் 3,500 ரூபாய். பிறகு சென்னையில் மூன்று நிறுவனங்கள் மாறிவிட்டேன். இன்று 41,000. இருபது வருடத்துக்கு இது குறைவுதான். சேரும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்.

வேளச்சேரிவாசி சொல்வதில் பாதி உண்மை. வெள்ளத்தில் பால் கொடுத்தால் வாங்குகிறவர் முகத்தை அங்கேயே பார்த்துவிடலாம். மற்ற 362 நாட்களில் அது கிடைக்காது. பெரும்பாக்கத்தில் ஒரு பெண். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து கொண்டுவந்து ஏழாவது மாடியில் குடிவைத்த குடும்பம். ரேஷன் அட்டையில் பழைய முகவரியே இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதை ஒரு துணிப்பையில் போட்டு, நான் போகும்போதெல்லாம் இரண்டு முடிச்சையும் அவிழ்த்துக் காட்டுவார். லிப்ட் பாதி நாள் ஓடாது. முகவரி மாற்ற அவரோடு நான்கு முறை அலுவலகத்துக்குப் போனேன். ஒருமுறை அதிகாரி இல்லை, ஒருமுறை மின்சாரம் இல்லை, ஒருமுறை கணவரின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். கணவர் இறந்து இரண்டு வருடம். நான்கு மாதம் அலைந்ததில் கிடைத்தது ஒரே ஒரு அட்டை. இதை மாத அறிக்கையில் "பயனாளிகள்: 1" என்று எழுதுவோம். அந்த 1ஐப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் ஒரு வருடம் தாங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் வேலை பார்த்த இரண்டாவது இடம். பெயர் வேண்டாம். பெண்களுக்கான ஒருநாள் பயிற்சிக்கு நாற்பது பேர் வரவேண்டும், வந்தது பதினேழு பேர். மாலையில் வருகைப் பட்டியலில் நாற்பது கையெழுத்தும் இருந்தன. கடைசி இருபத்துமூன்றும் ஒரே நீல பேனா, ஒரே சாய்வு. ஒருங்கிணைப்பாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அது வாடகை முன்பணம் கொடுக்கவேண்டிய மாதம். போட்டேன், அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடித்தவர் கணக்காளர். ஓய்வுபெற்ற வங்கிக்காரர், வாரம் மூன்று நாள் வருவார். பட்டியலையும் சிற்றுண்டிக் கடை ரசீதையும் பக்கத்தில் வைத்தார். ரசீதில் இருபது இட்லிப் பொட்டலம். நாற்பது பேர் இருபது பொட்டலத்தை எப்படித் தின்றார்கள் என்று பென்சிலில் ஒரு சிறு கேள்விக்குறி போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை நான் கையெழுத்துப் போட மறுத்தேன். இரண்டு மாதத்தில் வெளியே வந்தேன்.

ஆகவே, கணக்கை விட்டு ஓடிவருகிறேன் என்று வராதீர்கள். களத்தில் அலைய எங்களைப் போல ஆட்கள் கிடைப்பார்கள். அந்தப் பென்சிலைப் பிடிக்கத்தான் ஆள் இல்லை.

எம்.எஸ்.டபிள்யூ. உளநல ஆலோசனை, குழந்தைகள் காப்பகம், மருத்துவமனைச் சமூகப் பணி என்று போவதானால் கேட்பார்கள். எழும்பூரில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி இருக்கிறது. லயோலா, ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரிகளிலும் அந்தப் படிப்பு உண்டு. கணக்குக்கு உங்கள் பி.காம். போதும். இரண்டு வருடச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய்ப் படிக்காதீர்கள்.

நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பதைவிட நீங்கள் கேட்கவேண்டியது முக்கியம். "என் சம்பளம் எந்தத் திட்டத்துப் பணத்திலிருந்து வருகிறது? அந்தத் திட்டம் எந்த மாதம் முடிகிறது?" இதற்கு உடனே பதில் வந்தால் நல்ல இடம். "நாமெல்லாம் ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வவுச்சர்:

பேசின் பாலம் அக்கா சொன்ன பென்சில் வேலையைத்தான் பதினோரு வருடமாகச் செய்கிறேன். தனியார் கணக்கு தெரிந்தவர் இங்கே புதிதாகக் கற்கவேண்டியது ஒன்றுதான். உங்கள் கம்பெனியில் பணம் எல்லாம் ஒரே பணம். இங்கே ஒவ்வொரு ரூபாய்க்கும் கொடுத்தவர் பெயர் உண்டு. கழிப்பறை கட்ட வந்த பணத்தில் சுண்ணக்கட்டி வாங்கக் கூடாது, வாங்கியே ஆகவேண்டிய நிலை இருந்தாலும்.

உள்நாட்டுப் பணத்தில் ஒரு முக்கியப் பங்கு கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவு. அதில் சொல்லும் அளவுக்குப் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிடவேண்டும். பல கம்பெனிகள் வருடா வருடம் ஒப்பந்தம் போடுவார்கள். அதனால் மார்ச் வந்தால் நம் வயிற்றில் புளி கரையும்.

வெளிநாட்டுப் பணம் வாங்கும் இடமானால் 2010ஆம் வருட வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குத் தரவும் கூடாது என்றார்கள். பெரிய இடத்திலிருந்து பணம் பெற்றுவந்த சின்ன அமைப்புகள் அதில் மாட்டிக்கொண்டன.

இதில் உங்களுக்கு ஒரு உள்குத்து இருக்கிறது. களப்பணியாளரின் சம்பளத்தைத் திட்டச் செலவில் காட்டலாம். கணக்கு எழுதும் செலவு நிர்வாகச் செலவு. அதாவது நீங்களும் நானும் அந்த 20க்குள் வாடகை, மின்கட்டணத்தோடு இடித்துக்கொண்டு உட்காரவேண்டும். எல்லோரும் கணக்காளர் வேண்டும் என்பார்கள், சம்பளம் என்றதும் தொண்டையைக் கனைப்பார்கள். காரணம் இதுதான். நான் பார்த்த நடுத்தர நிறுவனங்களில் உங்கள் அனுபவத்துக்கு 25,000 முதல் 32,000 வரை கொடுக்கிறார்கள். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்.

கொளத்தூர்க் கணக்கன்:

இருவருக்கும் நன்றி. மனைவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். இட்லிப் பொட்டலம் வந்த இடத்தில் சிரித்தாள், 25,000 வந்த இடத்தில் சிரிக்கவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறாள். அதுவரை நான் என்ன செய்வது?

பேசின் பாலம்:

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. வேலையை விடவேண்டாம். சனிக்கிழமை அரைநாள், ஒரே ஒரு சின்ன நிறுவனத்துக்குப் போய், "வவுச்சர் அடுக்கித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்" என்று சொல்லுங்கள். பேனர் பிடிக்கவும் புகைப்படத்துக்கு நிற்கவும் கூப்பிட்டால் போகாதீர்கள். மூன்று மாதம் அவர்கள் ரசீதுகளைப் பார்த்தால் ஆண்டறிக்கையில் இல்லாததெல்லாம் தெரிந்துவிடும். அவர்களுக்கும் உங்களைத் தெரிந்துவிடும். இந்தத் துறையில் பாதி வேலைகள் விளம்பரம் ஆவதற்கு முன்பே இப்படித்தான் நிரம்புகின்றன.

கொளத்தூர்க் கணக்கன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பெரும்பாக்கத்தில் மாலைநேரப் பாடம் நடத்தும் ஒரு சின்ன அமைப்பு. கணக்கு அறை என்று எதுவும் இல்லை. ஒரு பழைய செருப்புப் பெட்டியைக் கொடுத்தார்கள். எட்டு மாத ரசீதுகள், பாதி ஆட்டோ, பாதி ஜெராக்ஸ். நேற்று ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தது. பென்சிலில், "லிப்ட் ஓடவில்லை. கரும்பலகை ஆறாவது மாடிக்குத் தூக்கக் கூலி 150" என்று எழுதி, கீழே ஒரு கைநாட்டு. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

வவுச்சர்:

திட்டச் செலவு, கற்பித்தல் பொருட்கள். நிர்வாகத்தில் போட்டுவிடாதீர்கள். சீட்டில் தேதி இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.